காசு வாங்காத வக்கீல்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் அனுபவம்

கடையில் மிஷின் கெட்டால் சர்வீஸ் பையனைக் கூப்பிடுவேன். வேலை முடிந்ததும் அவன் போனை நீட்டி "அண்ணே, அஞ்சு ஸ்டார் போட்டுருங்க" என்பான். போட்டுவிடுவேன். ஒன்றரை வருடமாக எங்கள் குடும்பம் பயன்படுத்திய ஒரு சேவைக்கு மட்டும் யாரும் இதுவரை போனை நீட்டவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாகக் கிடைக்கும் இலவச வக்கீலைத்தான் சொல்கிறேன். நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நானே எழுதுகிறேன்.

வழக்கு போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். எந்த ஊர், என்ன நடந்தது, பிள்ளை ஆணா பெண்ணா, எத்தனாவது படிக்கிறது, எதையும் சொல்ல மாட்டேன். எனக்கு மனசும் வராது, சட்டமும் விடாது. 23-வது பிரிவுப்படி பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியே விட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், இல்லை ரெண்டும். சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்லும் சாக்கில் வாட்ஸ்அப் குரூப்பில் பள்ளிக்கூடப் பேரைப் போட்டபோது, இந்தப் பிரிவைச் சொல்லித்தான் அழிக்க வைத்தேன்.

வக்கீலுக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அவர் எதற்குத் தேவைப்பட்டார் என்பது புரியும்.

விஷயம் தெரிந்த அன்று ராத்திரி, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் போட்டது என் சம்சாரம். நான் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்த பெண் மூன்று விஷயம் சொன்னாராம். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். அந்த உடுப்புகளைத் துவைக்காதீர்கள். பிள்ளையை ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த மூன்றாவதுதான் மறுநாள் எங்களைக் காப்பாற்றியது. புகார் கொடுக்கப் போனால், "பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, இங்கயே வச்சு எழுதிக்கலாம்" என்றார்கள். என் சம்சாரம் அசையவில்லை. "வீட்லயே வாக்குமூலம் வாங்கணும்னு சட்டம் இருக்காமே மேடம்" என்றாள். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 24-வது பிரிவு. பிள்ளை இருக்கும் வீட்டிலோ, அது விரும்பும் வேறு இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். யூனிபார்ம் கூடாது. ராத்திரியில் எக்காரணம் கொண்டும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அதற்கடுத்த நாள் காலையில் எஸ்.ஐ. அம்மா காட்டன் புடவையில் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முதல் கால் மணி நேரம் எங்கள் வீட்டு மீன் தொட்டியைப் பற்றி மட்டும்தான் பேசினார். அந்த அம்மாவுக்கு நான் எத்தனை ஸ்டார் வேண்டுமானாலும் போடுவேன்.

அதே ஸ்டேஷனில்தான் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டபோது ரைட்டர், "ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து குடுத்துட்டு, ஒண்ணு வச்சுக்கங்க" என்று ஒரிஜினலை நீட்டினார். புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டிய நகல் அது. என் கடையில், என் பேப்பரில், என் கரண்டில் எடுத்து அவர்களுக்கும் ஒரு செட் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது.

ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி. "போலீஸ் லெட்டர் வந்தாத்தான் பார்ப்போம், அம்மா வெளிய நில்லுங்க" என்றார் ஒருவர். ரெண்டுமே தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது. பரிசோதனையின்போது பெற்றோரோ, பிள்ளை நம்பும் வேறு ஒருவரோ கூடவே இருக்கலாம். பெண் குழந்தை என்றால் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும். அன்று எங்களுக்கு இது எதுவும் தெரியாது, கெஞ்சித்தான் உள்ளே போனோம். உரிமையாக இருப்பதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தோம்.

இதெல்லாம் முதலிலேயே தெரிந்திருக்கலாம். 2020-ல் வந்த போக்சோ விதிகளோடு 'ஃபார்ம் ஏ' என்று ஒரு படிவம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், இலவச மருத்துவம், பாதுகாப்பு, மனநல ஆலோசனை, வழக்கு நடக்கும்போது துணைக்கு ஒரு ஆதரவு நபர், இலவச வக்கீல், படிப்பு தடைபடாமல் இருப்பது என்று பிள்ளைக்கு என்னென்ன கிடைக்க வேண்டுமோ அதெல்லாம் வரிசையாக அதில் அச்சிட்டிருக்கிறது. போலீஸ் இதை நம்மிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, குழந்தைகள் நலக் குழு அனுப்பிய ஆதரவு நபர் தன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதுவும் ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ், பாதி எழுத்து தெரியவில்லை. அந்தத் தாளில் விரலை வைத்துக் காட்டி அவர் சொன்னதுதான், "அரசு செலவுல உங்களுக்குன்னு ஒரு வக்கீல் வச்சுக்கலாம் அண்ணே, 40-வது பிரிவு."

என் மச்சான் ஒரே வார்த்தையில் முடித்தான்: "இலவசமா? நல்லாருக்குமா?" பெரிய வக்கீல் ஒருவரிடம் விசாரித்ததில், அவர் சொன்ன முன்பணம் என் கடையின் அஞ்சு மாத வாடகை. இலவசத்தைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அரசு உதவி என்றாலே வருமானச் சான்றிதழ் கேட்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, வி.ஏ.ஓ.வைத் தேடி அலைந்து, நாலு நாள் வீணாக்கினேன். போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த எழுத்தர் அதை வாங்கக்கூட இல்லை. 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாதாம். அந்தச் சான்றிதழ் இன்னும் ஃபைலில் சும்மா கிடக்கிறது.

அலுவலகம் கோர்ட்டு வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நுழைந்ததும் இடது பக்கம் ஒரு அறை, இளவயது வக்கீல் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். 'இலவச சட்ட உதவி' என்று போர்டைப் பார்த்ததும் நேராகப் போய் உட்கார்ந்து கொட்ட ஆரம்பித்துவிட்டேன். ரெண்டு நிமிடம் இருக்கும். கையை உயர்த்தினார்.

"சார், நிறுத்துங்க. என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. எதிர்த் தரப்புக்கு நான் ஆஜராக வேண்டி வரலாம். உங்களுக்கு அந்தப் பக்கத்து ரூம்."

எழுந்து வந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. என் பிள்ளைக்கும், எதிர்த் தரப்பில் இருக்கும் அவனுக்கும் ஒரே கட்டடத்தில், ஒரே அரசாங்கம், இலவச வக்கீல் கொடுக்கிறதா? வயிறு எரிந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கென்றே முழுநேர வக்கீல்கள் கொண்ட ஒரு அமைப்பு 2022 முதல் இருக்கிறது, அந்த அறை அவர்களுடையது. வெகுநாள் கழித்து எங்கள் வக்கீலம்மாவிடம் இதைக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வக்கீலே இல்லாம அவனுக்குத் தண்டனை வந்துச்சுன்னு வைங்க, மேல்கோர்ட்ல அது நிக்காது. மறுபடி மொதல்லேர்ந்து விசாரிங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. பிள்ளையை இன்னொரு தடவை கூண்டுல ஏத்தணும். பரவாயில்லையா?" என்றார். என் கோபம் அதோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இளவயது வக்கீல், நான் உளறுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். கேட்காமல் நிறுத்தினார் பாருங்கள், அந்த நேர்மைக்கு நன்றி.

முதலில் ஒதுக்கிய வக்கீல் சரியில்லை. ரெண்டு வாய்தாவுக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை. இலவசம் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட இருந்தேன். ஆதரவு நபர்தான், வக்கீலை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றார். ஆணைக்குழுவின் செயலராக இருப்பவர் ஒரு சார்பு நீதிபதி. ஒரு வெள்ளைத் தாளில் எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் மாற்றினார்கள். அப்படி வந்தவர்தான் வக்கீலம்மா. ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் கவுன், எப்போதும் பாதி ஓட்டத்தில் இருப்பார்.

முதல் சந்திப்பிலேயே அவர் தன்னால் முடியாததைத்தான் சொன்னார். கேஸை நடத்துவது அரசு வக்கீல், அதாவது போக்சோ கோர்ட்டின் சிறப்பு பி.பி. நம் வக்கீல் அவருக்கு உதவலாம், அவர் சொல்படிதான் நடக்க வேண்டும், சாட்சியம் முடிந்த பிறகு கோர்ட்டு அனுமதித்தால் எழுத்துமூலம் வாதம் கொடுக்கலாம். தானாக எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. "அப்ப நீங்க எதுக்கு மேடம்?" என்று கேட்டேன், வாய் தவறிவிட்டது. "பி.பி. கையில நூறு கேஸ் இருக்கு. எனக்கு உங்க கேஸ் ஒண்ணை ஞாபகம் வச்சுக்கறதுதான் வேலை" என்றார்.

ஜாமீன் விஷயத்தில் அது புரிந்தது. எதிரி, அதாவது குற்றம்சாட்டப்பட்டவன், ஜாமீன் கேட்டால் நமக்குத் தகவல் சொல்ல வேண்டும், நம் தரப்பையும் கேட்க வேண்டும். எங்களுக்குப் போலீஸிடமிருந்து தகவல் வரவில்லை. வக்கீலம்மாதான் காலையில் கோர்ட்டுப் பட்டியலில் நம்பரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் அடித்தார். ஷட்டரை இழுத்துவிட்டு, கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடினேன். 'பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு நோட்டீஸ் இல்லை' என்று அவர் சொன்னதும் மூன்று நாள் தள்ளிவைத்தார்கள். லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டி ஆட்சேபணை மனு போட்டார். பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பேச உரிமை உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பு. முதல் தடவை தள்ளுபடி. ரெண்டாவது தடவை ஜாமீன் கிடைத்துவிட்டது. எங்களுக்கு அது தோல்விதான், பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தாலுகாவுக்குள்ளேயே காலெடுத்து வைக்கக் கூடாது, வேறு ஊர் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்து என்று நிபந்தனை போட்டார்கள். அந்த நிபந்தனையைக் கேட்டு வாங்கியது வக்கீலம்மா எழுதிக் கொடுத்த ரெண்டு பக்கம். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பாதையை அவரே நடந்து பார்த்துவிட்டு எழுதியிருந்தார்.

அவன் வெளியே வந்த ரெண்டாவது வாரம் கடைக்கு ஒரு பெரிய மனுஷன் வந்தார். ஊரில் எல்லாப் பஞ்சாயத்துக்கும் நடுவில் இருப்பவர். ஆதார் கார்டை நீட்டி "ரெண்டு காப்பி" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நாலு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"தம்பி, பிள்ளை எதிர்காலம் இருக்கு. பேசி முடிச்சுக்கலாம். அவங்க செய்ய வேண்டியதைச் செய்யறேங்கறாங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுத்துப் பேசவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ராஜஸ்தானில் ஒரு பள்ளி ஆசிரியர் வழக்கில், அந்தப் பெண்ணின் அப்பா சமாதானமாகப் போய்விட்டோம் என்று எழுதிக் கொடுத்ததால் உயர் நீதிமன்றம் கேஸையே ரத்து செய்துவிட்டதாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கிப் போட்டு, கேஸை நடத்துங்கள் என்றுவிட்டது. "உங்க பிள்ளைக்காகக் கேஸ் போடற உரிமை உங்களுக்கு இருக்கு அண்ணே. பிள்ளை சார்புல மன்னிச்சு விடற உரிமை உங்களுக்குக் கிடையாது" என்றார். அந்த ஒன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அந்த வாக்கியம். மறுநாள் பெரிய மனுஷனிடம், "நான் சரின்னாலும் கோர்ட்டு விடாதாம்ண்ணே" என்று சொல்லிவிட்டேன். தைரியம் எனக்கு இல்லாமல் போனாலும் பழியைப் போட ஒரு சட்டம் இருந்தது.

பிள்ளை சாட்சி சொன்ன நாள். கோர்ட்டு வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 35-வது பிரிவு. எங்களுக்கு அஞ்சு மாதம் ஆனது. அந்த அஞ்சு மாதமும் பிள்ளையை எதையும் மறக்க விடாமல், அதே சமயம் எதையும் ஞாபகப்படுத்தாமல் வளர்ப்பது எப்படி என்று யாராவது ஒரு ஃபார்ம் போட்டால் தேவலை.

பூட்டிய அறையில்தான் விசாரணை, பெற்றோர் கூட இருக்கலாம் என்று படித்துவிட்டு, நானும் சம்சாரமும் குளித்துக் கிளம்பிப் போனோம். போனால், நாங்கள் ரெண்டு பேருமே சாட்சிப் பட்டியலில் இருக்கிறோம், எங்கள் முறை வரும்வரை உள்ளே உட்கார முடியாது என்றார்கள். வக்கீலம்மா இதை முன்னமே யோசித்து, பிள்ளையின் சித்தியையும் வரச் சொல்லியிருந்தார். 'பெற்றோர் அல்லது பிள்ளை நம்பும் வேறு நபர்' என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. இந்த நிலைமையில் இருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், சாட்சிப் பட்டியலில் இல்லாத, பிள்ளைக்கு ஒட்டுதலான ஒருவரை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேப்பமரத்தடியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்தது சித்தி சொல்லித்தான் தெரியும். நடுவில் பச்சைத் துணித் திரை, அவன் முகமே தெரியவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் நேரடியாகப் பிள்ளையைக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் சொல்ல வேண்டும், அவர்தான் பிள்ளையிடம் கேட்பார். ஒரு கேள்வியை நீதிபதி கேட்கவே மாட்டேன் என்று தள்ளிவிட்டாராம். ரெண்டு தடவை தண்ணீர் குடிக்க விட்டார்களாம். வெளியே வந்ததும் பிள்ளை என்னிடம் சொன்னது இதுதான்: "அப்பா, அந்த டைப் அடிக்கிற அண்ணன் என் பேர்ல ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சிருந்தாரு. நான் சொல்லித் திருத்துனேன்."

குறைகள் சொல்ல வேண்டுமானால் நிறைய இருக்கிறது. அலுவலக லேண்ட்லைன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் செத்த போன். 15100 என்ற தேசிய சட்ட உதவி எண்ணில் ஆள் கிடைக்கிறார்கள், ஆனால் நம் கேஸ் விவரம் அவர்களுக்குத் தெரியாது, வழிதான் சொல்வார்கள். காத்திருக்கும் இடத்தில் நாலு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கை இல்லை. பிள்ளையோடு வருபவர்களுக்குத் தனி இடம் கிடையாது. விவாகரத்துக் கேஸுக்கு வந்து சண்டை போடுபவர்கள் நடுவில்தான் உட்கார வேண்டும். எல்லாவற்றையும் விட, நாம் பேரைச் சொல்லிக் கேட்காத எதுவும் கிடைப்பதில்லை. இடைக்கால இழப்பீடு அப்படித்தான். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எப்போது வேண்டுமானாலும் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். எதிரி விடுதலையானாலும் பிள்ளைக்கு இழப்பீடு கொடுக்கலாம். உத்தரவு வந்து 30 நாளில் பணம் வர வேண்டும். வக்கீலம்மா மனு போட்ட பிறகுதான் எங்களுக்கு உத்தரவே வந்தது, பணம் வர மேலும் மூன்று மாதம். அதில் பெரும்பகுதி பிள்ளை பேரில் வைப்பு நிதியாகப் போய்விட்டது. அது நல்லதுதான். கையில் கொடுத்திருந்தால் கடன்காரர்கள் முந்தியிருப்பார்கள்.

வக்கீலம்மாவுக்கு ஐந்துக்கு ஐந்து. அலுவலகத்துக்கு மூன்று. ரெண்டையும் சேர்த்து நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை ஒரு பைசா வாங்கவில்லை. ஒரு தடவை அவருடைய வேறு ஒரு கேஸ் கட்டுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றேன். மேஜையில் வைத்துவிட்டு, சில்லறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் தீர்ப்பு. தண்டனை உண்டு, ஆனால் போலீஸ் போட்ட பெரிய பிரிவில் இல்லை, அதைவிடச் சின்ன பிரிவில். அரசாங்கம் அப்பீல் போகாவிட்டாலும் இதை எதிர்த்து நாமே அப்பீல் போகலாம். பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் பிள்ளையின் பாதுகாவலரான நாமும் வருகிறோம். உயர் நீதிமன்றத்திலும் இதே மாதிரி இலவச வக்கீல் உண்டு என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். சம்சாரம் போதும் என்கிறாள். பிள்ளையைக் கேட்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு நகல் மனு போட்டு வாங்கியாகிவிட்டது, 61 பக்கம். நல்ல பேப்பரில் ரெண்டு செட் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கடையிலும் வைத்திருக்கிறேன்.